ஒரு நூல் பிசகு

ஸ்ரீராம்புரம், பெங்களூரு.

சிரஞ்சீவி மருமகனுக்கு உன் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் நீ அனுப்பிவைத்த பதினொரு படங்களையும் மறுநாள் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்தேன். கணினித் திரையைச் செல்பேசியால் படம் பிடித்தால் எழுத்துகள் அலை அலையாக நெளியும் என்பதை நீ அறியாதவன் அல்ல; அறிந்திருந்தும் அப்படியே அனுப்பியிருக்கிறாய் என்றால் உன் மனம் எவ்வளவு சலித்துப் போயிருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொண்டேன். செல்பேசியில் நீளமாகத் தட்டெழுத என் விரல்கள் இசைவதில்லை. ஆகையால் பழைய வழக்கப்படி காகிதத்தில் பதில் எழுதி, அதை உன் அத்தையிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லப்போகிறேன். எழுத்துகள் நெளிந்தால் பொறுத்துக்கொள்.

உன் விருத்தாந்தத்தை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கல்லூரிச் செய்முறை வகுப்புக்காக உன் மடிக்கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நீயும் உபுண்டு லினக்ஸின்மேல் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, வியாழக்கிழமை வரையில் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினாய். வெள்ளிக்கிழமை உபுண்டு புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டபோது யோசியாமல் சம்மதித்தாய். சனிக்கிழமை காலை முதல், கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை என்ற ஒரே வாசகம் ஒரு சிறு ஜன்னலில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. மூன்று இரவுகளாக, எவர் எவரோ எங்கெங்கோ சொல்லிவைத்த கட்டளைகளையெல்லாம் பொருள் தெரியாத மந்திரங்களைப்போல் உச்சரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் லினக்ஸையே அழித்துவிடட்டுமா மாமா என்று கேட்கிறாய். அழிப்பதற்கு அரைமணி நேரம் போதும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

கணினியில் ஓடுகிற சாதாரண நிரல் எதுவானாலும், கோப்பைத் திறப்பது முதல் நினைவகத்தில் இடம் கேட்பது வரை, தனக்கு வேண்டியதையெல்லாம் கெர்னல் என்னும் கருவகத்தினிடம் விண்ணப்பித்துத்தான் பெற்றுக்கொள்கிறதே தவிர, வன்பொருளைத் தானாகத் தொடுவதற்கு அதற்கு அதிகாரம் கிடையாது. மெய்நிகர் கணினியை நடத்தும் மென்பொருளுக்கோ இந்த விண்ணப்ப மார்க்கம் போதாது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பிராசஸரையே நம்பவைக்க வேண்டிய காரியம் அதனுடையது. அதற்கென்று இன்டெல் நிறுவனம் 2005-லும் ஏஎம்டி நிறுவனம் 2006-லும் தங்கள் பிராசஸர்களில் சேர்த்த விசேஷ வசதிகளை எடுத்தாளும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே உண்டு. ஆகவே அந்த மென்பொருள் தன் உடலில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து, மாட்யூல் என்னும் பெயரில் கெர்னலுக்குள்ளேயே குடியேற்றிவைக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் அதற்கு விபாக்ஸ்டிரைவ் என்று பெயர். நீ மூன்று இரவுகளாகக் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலிலிருந்து ஆக்கியெடுக்க, போராடிக்கொண்டிருப்பது அந்தச் சிறு பகுதியைத்தான்.

மற்ற நிரல்களெல்லாம் ஆக்கிய சோறாக வந்து சேரும்போது இது ஒன்றுமட்டும் ஏன் அரிசியாக வருகிறது, நாம் ஏன் அடுப்பு மூட்ட வேண்டும் என்று உனக்குக் கோபம் வருவது நியாயமே. இதற்கு விடை உன் தாத்தாவிடம் இருந்தது.

இன்று நம் ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் எதிரே மந்திரி மால் என்னும் பெரிய அங்காடி நிற்கிறதல்லவா? அந்த இடத்தில்தான் அந்நாளில் ராஜா மில் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த எத்தனையோ தமிழர்களைப்போல உன் தாத்தாவும் அதில் வேலைக்குச் சேர்ந்து ஃபிட்டராக ஓய்வு பெற்றார். உதிரிச் சக்கரம் ஒன்று வெளியிலிருந்து வந்தால் பார்வைக்குப் பழையதைப்போலவே இருக்கும். எந்திரத்தில் மாட்டிப் பார்த்தால் ஒரு நூலோ அரை நூலோ பிசகும். நூல் என்றால் நூற்கிற நூல் அன்று. அங்குலத்தை எட்டாக வகுத்தால் வரும் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் நூல் என்பார்கள். அந்தப் பிசகைத் தீர்க்க அவர் சக்கரத்தைத் தம் மேஜைக்கு எடுத்துப்போக மாட்டார். அது எந்த எந்திரத்தில் சுழல வேண்டுமோ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் அளவை எடுத்து, அதற்கென்றே அரத்தால் ராவிப் பொருத்துவார். அடுத்த எந்திரத்துக்கு அதே சக்கரம் உதவாது என்பதைப்பற்றி அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

லினக்ஸ் கெர்னலும் அப்படிப்பட்ட எந்திரந்தான். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வருகிறது. வெளியே ஓடும் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை மீறலாகாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். ஆனால் கெர்னலின் உட்புறத்தில் எந்தப் பெயரும் எந்த வடிவமும் சாசுவதம் என்று எவரும் வாக்குக் கொடுத்ததில்லை. அப்படிக் கொடுக்கவும் கூடாது என்பதைக் காரண காரியங்களோடு விளக்கிக் கெர்னல் கர்த்தாக்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய குறிப்பு ஒன்று, கெர்னலின் ஆவணங்களோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. திருஷ்டாந்தம் ஒன்று சொல்கிறேன். நினைவகப் பூட்டு ஒன்றுக்குப் பல்லாண்டுகளாக எம்மேப் செம் என்று வழங்கிவந்த பெயரை, 2020 ஆகஸ்டில் வெளியான 5.8 பதிப்பில் எம்மேப் லாக் என்று மாற்றினார்கள். கெர்னலுக்குள் இருந்த நூற்றுக்கணக்கான இடங்களில் மாற்றியவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே தனியாக வளர்ந்துகொண்டிருந்த விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் மாட்யூல்களை அவர்கள் தொடவில்லை, தொட வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. புதிய கெர்னலுக்கு மாறியவர்களின் பழைய மாட்யூல்கள் அன்றைக்குக் கம்பைல் ஆகாமல் நின்றுபோயின. ஒரு பெயர் மாறியதற்கு இவ்வளவு!

இதைக் கேட்டு அவர்கள்மேல் சினம் கொள்ளாதே. 2005-ல் இந்த ஊரில் நடந்த ஃபாஸ் டாட் இன் என்னும் திறந்த மூல மென்பொருள் மாநாட்டில் ஆலன் காக்ஸ் முதலான கெர்னல் கர்த்தாக்களைத் தூரத்திலிருந்து பார்த்தவன் நான். அதுவரையில் கெர்னல் என்பது மேலிருந்து இறங்கிவரும் ஏதோ ஒன்று என்ற எண்ணத்தில் இருந்தேன்; மனிதர்கள் உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதுகிற எழுத்து அது என்று அன்றுதான் மனத்தில் பதிந்தது.

இனி உன் படங்களுக்கு வருவோம். மூன்று இரவுகளும் ஒரே நோயோடு போராடியதாக நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய். நான்காவது படத்தையும் ஒன்பதாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நான்காவதில், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குரிய ஹெடர்கள் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. ஹெடர்கள் என்பவை உன் தாத்தா எடுத்த அளவுகளைப் போன்றவை. அவை இல்லாமல் ராவினால் சக்கரம் பொருந்துவது எங்ஙனம்? வெள்ளிக்கிழமை உனக்குப் புதிய கெர்னல் வந்தது; அதற்குரிய அளவுக் குறிப்பு வரவில்லை. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் என்னும் பொட்டலத்தை ஒருமுறை நிறுவிவைத்துவிட்டால் இனி வரும் ஒவ்வொரு கெர்னலோடும் அதன் ஹெடர்களும் கூடவே வந்துவிடும். டெபியனாக இருந்தால் பொட்டலத்தின் பெயர் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64. கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்துவைக்க டெல் நிறுவனத்தார் உண்டாக்கிய டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் ஹெடர்கள் இல்லாத இடத்தில் அதுவும் கைகட்டித்தான் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ எதையெதையோ தட்டியதில், உனக்கே தெரியாமல், ஹெடர்களைச் சரியாக நிறுவிவிட்டாய். ஒன்பதாவது படத்தில் மாட்யூல் குற்றமில்லாமல் கம்பைல் ஆகி முடிந்திருக்கிறது! அதற்குக் கீழே, வேண்டிய சாவி கிடைக்கவில்லை என்று ஒரு வரி. இது வேறு நோய். உன் மடிக்கணினியில் செக்யூர் பூட் என்னும் காவல் இயங்குகிறது. நம்பத்தக்க கையெழுத்து இல்லாத எதையும் அது கெர்னலுக்குள் விடாது. நீ வீட்டில் செய்த மாட்யூலில் யார் கையெழுத்து இருக்கும்? நீயே ஒரு சாவி உண்டாக்கி, அதைக் கொண்டு மாட்யூலில் கையெழுத்திட்டு, மோக்யூட்டில் என்ற கருவியால் அந்தச் சாவியைக் கணினியிடம் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி இயக்கும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஒரு விசையையாவது அழுத்தாவிட்டால் அது மறைந்து உன் விண்ணப்பமும் தள்ளுபடியாகிவிடும். காபி எடுத்துவர எழுந்து போய்விடாதே.

இரண்டு நோய்களுக்கும் அந்தச் சிறு ஜன்னல் ஒரே வாசகத்தைத்தான் காட்டியது. உன்னைச் சலிப்படையச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். நீ பாதி வழி நடந்துவந்த பிறகும், புறப்பட்ட இடத்திலேயே நிற்பதாக அது உன்னை நம்பவைத்துவிட்டது. கம்பைல் செய்யும்போது எழுதப்படும் குறிப்புக் கோப்பிலும் கடைசி வரி இதைப்போலத்தான், மேக் நின்றுவிட்டது, பிழை இரண்டு என்று சொல்லி ஓய்ந்துவிடும். முதல் பிழை எந்த வரியில் இருக்கிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் இருநூறு வரிகளும் அதன் எதிரொலி. உபுண்டு 22.04-க்கு 6.5 கெர்னல் வந்தபோது அதை ஜிசிசி 12 என்னும் கம்பைலர் கொண்டு கட்டியிருந்தார்கள். கணினிகளில் இருந்ததோ ஜிசிசி 11. அப்போது குறிப்பின் முதல் பிழை, இந்தக் கம்பைலருக்கு இந்த விருப்பம் தெரியாது என்று தெளிவாகவே சொல்லிற்று. கடைசி வரியைப் பார்த்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

இதை உபதேசமாகச் சொல்லும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பாயாகில், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பயிற்சி நிலையத்தில், பரீட்சைக்கு முந்திய இரவு, எல்லாம் புதியதாக இருக்கட்டும் என்ற ஆர்வத்தில் பதினாறு கணினிகளையும் புதுப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பதினாறிலும் மெய்நிகர் கணினி எழவில்லை. பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்க, நான் குறிப்பைப் படிக்காமல் ஒவ்வொன்றிலும் மென்பொருளை எடுத்துவிட்டு மீண்டும் மீண்டும் நிறுவிக்கொண்டிருந்தேன். ஹெடர்கள் இல்லை என்று அந்தக் குறிப்பின் இரண்டாம் வரியில் இருந்தது. பரீட்சை பிற்பகலுக்குத் தள்ளிப்போயிற்று.

கடைசியாக, உன் கணினியைப்பற்றி என் அபிப்பிராயம். அதற்குக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டின் தொடக்கம் ஒரு விசித்திரமான பருவம். சீடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த ஜனவரியில்தான் வெளிவந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட இருந்தது அதுதான், உன் பெரியப்பா மகன் வந்த வாரமே அழித்தானே, அதே பாஸ். அதே ஜனவரியில் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டது. பின்னர் அது சன் நிறுவனத்துக்கும், அங்கிருந்து ஆரக்கிளுக்கும் கைமாறிற்று. அடுத்த மாதமே, இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதிய கேவிஎம் என்னும் மெய்நிகர் கணினி ஏற்பாடு, 2.6.20 கெர்னலின் பகுதியாகவே வெளிவந்தது. கெர்னலுக்குள் இருப்பதால், எம்மேப் செம் பெயர் மாறினால் கேவிஎம்மிலும் மாற்றியவர்களே மாற்றிவிடுகிறார்கள். கெர்னலோடு அதுவும் ஆக்கிய சோறாகவே வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸிலும் உள்ளே ஓடும் விருந்தினர் கணினிக்கு வேண்டிய டிரைவர்களை அப்போது ரெட் ஹேட்டில் இருந்த ஹான்ஸ் டி கோடே பிரயாசைப்பட்டுக் கெர்னலுக்குள் சேர்ப்பித்தார். 2018-ல் ஒன்று, 2020-ல் கோப்புப் பகிர்வுக்கான இன்னொன்று. வெளியே நிற்பது உன்னைத் தூங்கவிடாமல் செய்த விபாக்ஸ்டிரைவ்தான். அது மட்டுமன்று, 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னல் முதல், கேவிஎம் ஏறிய மாத்திரத்திலேயே பிராசஸரின் அந்த விசேஷ வசதியைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. கேவிஎம்மை இறக்கினாலன்றி விர்ச்சுவல்பாக்ஸ் அப்போது பல கணினிகளில் கிளம்பவில்லை. இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாதல்லவா?

ஆகையால், கல்லூரியில் விர்ச்சுவல்பாக்ஸேதான் வேண்டும் என்று வற்புறுத்தாவிட்டால், நீ கேவிஎம்முக்கு மாறிவிடு. விர்ட் மேனேஜர் என்பதை நிறுவிக்கொண்டால் விர்ச்சுவல்பாக்ஸைப்போலவே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் செய்யலாம். கல்லூரியில் கொடுத்த விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ வட்டுக் கோப்பைக் கியூஎமு-இமேஜ் என்ற கருவி கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும். வற்புறுத்தினால், சாவியைப் பதிவு செய். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் போதுமே என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். அணைத்தால் வேலை நடக்கும் என்பது உண்மைதான், ஆனால் கையெழுத்திடக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்பதால் எனக்கு அதில் சம்மதம் இல்லை.

எதைச் செய்தாலும், மறுபடி தடங்கல் வந்தால் எனக்குப் படம் அனுப்பாதே. குறிப்புக் கோப்பை முதல் வரியிலிருந்து முழுதாக அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். பத்து மணிக்குக் கூப்பிடு. அதுவரையில் லினக்ஸை அழிக்காதே.

இப்படிக்கு,
உன் மாமா