புண் ஆறினால் போதுமா?



தெருநாயைக் கண்டால் கல்லை எடுப்பது நம் வழக்கம். நானும் எடுத்தவள்தான். போன ஐப்பசி மழையில் ஒரு பெட்டை நாய் பைக்கில் அடிபட்டு எங்கள் தெருமுனையில் கிடந்தது. கிட்டப் போனால் உர்ர் என்றது. மாமா அதன்மேல் சாக்கைப் போட்டு, துண்டால் வாயைக் கட்டி, கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார். (அடிபட்ட நாய் வலியில் கடிக்கும். நாம் தனியாகத் தொடக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.) எலும்பு முறியவில்லை. மருந்து வைத்துக் கட்டி, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டார்கள். செவலை என்று பேர் வைத்தேன்.

ஒரு வாரத்தில் புண் ஆறியது. பக்கத்துத் தெருவில் காவலுக்கு நாய் கேட்டார்கள். உடனே கொடுத்துவிட்டோம். கயிற்றில் கட்டிப் போட்டார்கள். மூன்றாம் நாள் தீபாவளி. வெடிச் சத்தத்தில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் மாட்டுக் கொட்டகைக்கே ஓடி வந்துவிட்டது. "இது உதவாத நாய்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

டாக்டரிடம் சொன்னேன். "புண்ணு ஆறிடுச்சும்மா, பயம் ஆறலையே" என்றார். அவர் சொல்லித் தந்தவை:

1. சத்தமில்லாத ஒரே இடத்தில் படுக்க விட வேண்டும்.
2. தினமும் ஒரே நேரத்தில் சோறும் தண்ணீரும் வைக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது.
3. கண்ணை முறைத்துப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் உட்கார வேண்டும். அதுவே வந்து கையை மோந்து பார்க்கட்டும். எடுத்தவுடன் தலையைத் தொடக் கூடாது.
4. பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் ஒரு துண்டு முட்டை. வராவிட்டால் அடிக்கக் கூடாது.
5. கயிற்றைக் கொஞ்ச நேரம் மட்டும் கட்டிப் பழக்க வேண்டும்.
6. உடம்பு தேறியதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். வெறிநோய் ஊசி வருடா வருடம்.

செவலை என் கையை மோந்து பார்க்கவே பன்னிரண்டு நாள் ஆனது. விளக்குமாற்றைக் கண்டால் பதுங்குவது நிற்க இரண்டு மாதம் ஆனது.

தை மாதம், தனியாக இருக்கும் ஓர் ஆச்சி செவலையைக் கேட்டார்கள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. "பத்து நாள் நீங்களே வந்து சோறு வையுங்க ஆச்சி" என்றேன். தினமும் வந்தார்கள். பதினோராம் நாள் செவலை தானாகவே ஆச்சி பின்னால் நடந்து போனது.

தெரிந்துகொள்வோம்: நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. இதற்குத் தடுப்பூசி கண்டவர் லூயி பாஸ்டர். 1885இல் ஒரு சிறுவனுக்கு அது போடப்பட்டது, அவன் பிழைத்தான். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28தான் உலக வெறிநோய் தினம்.

இப்போது ஆச்சி வீட்டு வழியாகப் போனால் செவலை வாலாட்டும். ஆனால் என் பின்னால் வராது. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது, அதற்கு வீடு கிடைத்துவிட்டது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி