கரு உருவாகும் இடம்

குழந்தை தாயின் கருப்பையில் வளர்கிறது என்பதை நாம் அறிவோம். ஆனால், கரு உருவாவது அங்கன்று. கருப்பையின் இருபுறமும் நீண்டிருக்கும் கருக்குழாய்களில் ஒன்றில்தான்.

பெண்ணுக்குச் சூலகங்கள் இரண்டு. பொதுவாக, மாதம் ஒருமுறை அவற்றுள் ஒன்றிலிருந்து ஒரு சினைமுட்டை வெளியேறிக் கருக்குழாயை அடையும். அதன் அளவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஆயுளோ ஒரே நாள். ஆணின் விரைகளில் உற்பத்தியாகும் விந்தணுக்கள் கோடிக்கணக்கில் புறப்பட்டாலும், முட்டையை நெருங்குபவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று முட்டைக்குள் புகுந்து அதனோடு இணைவதே கருவுறுதல். பின்னர், கரு சில நாள்களில் கருப்பைக்கு நகர்ந்து அதன் சுவரில் பதிகிறது.

தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 எனக் குரோமோசோம்கள் கருவில் சேர்கின்றன. முட்டை தருவது எக்ஸ் குரோமோசோம். விந்தணுவும் எக்ஸ் தந்தால் பெண் குழந்தை; ஒய் தந்தால் ஆண் குழந்தை. ‘பெண் பிள்ளைகளாகவே பெற்றாள்’ என்று மருமகளைக் குறைகூறும் பெரியவர்கள், பேரப்பிள்ளைகளின் அறிவியல் பாடநூலைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்!

குழந்தையில்லை என்றாலும் பழி பெண்மீதே விழுகிறது. கருக்குழாய் அடைப்பு ஒரு காரணம் என்றால், விந்தணுக் குறைபாடு மற்றொரு காரணம். 1978இல் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. எனவே, மருத்துவர்கள் முட்டையையும் விந்தணுவையும் ஆய்வுக்கூடத்தில் இணைத்து, உருவான கருவைக் கருப்பையில் வைத்தனர். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990இல் இம்முறையில் வெற்றி கண்டார். கோலாலம்பூரிலுள்ள தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தைப்பேறு வேண்டும் தம்பதியருக்குச் சிகிச்சை வழங்குகிறது. இத்தகைய சிகிச்சையில் முதற்கட்டப் பரிசோதனை மனைவிக்கு மட்டுமன்று, கணவனுக்கும் உண்டு.