நேர்கோட்டின் படித்திறன்

கோடொன்று எவ்வளவு விரைவாக ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது என்பதை எண்ணாற் கூறுவதே படித்திறன். தமிழ்நாட்டார் இதனைச் சாய்வு என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் படித்திறன் என்கின்றன. இச்சொல்லின் முன்னிற்கும் 'படி' என்பதே கணிக்கும் வழியையும் காட்டிவிடுகின்றது. படிக்கு உயரமும் உண்டு, அகலமும் உண்டு. உயரத்தை அகலத்தால் வகுத்தாற் படித்திறன் கிடைக்கும்.

நம் வன்னி நிலத்துக்கேற்ற உதாரணமொன்றைக் காண்போம். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் இரணைமடுக் குளம் நிறைந்து நிற்கையில் அதன் நீர்மட்டம் 36 அடி. சிறுபோகத்திற்கு நீர் திறந்தபின் நாள்தோறும் மட்டத்தைக் குறித்து வரைபு கீறினோம் எனவும், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமைந்தன எனவும் கொள்வோம். கிடையச்சில் நாள், நிலைக்குத்தச்சில் அடி. கோட்டின்மேல் நன்கு விலகிய இரு புள்ளிகளைத் தெரிதல் வேண்டும். அண்மையிலுள்ளவற்றைத் தெரிந்தால் வாசிப்பில் நேரும் சிறு பிழையும் விடையிற் பெரிதாகும்.

10ஆம் நாள் 30 அடி, 50ஆம் நாள் 22 அடி என்க. மட்டத்தின் மாற்றம் 22 − 30 = −8; நாளின் மாற்றம் 50 − 10 = 40. ஆகவே படித்திறன் −8 ÷ 40 = −0.2. மறைக்குறி இறக்கத்தைக் காட்டும்; நாளொன்றுக்கு 0.2 அடி வீதம் நீர் தாழ்கின்றது என்பதே பொருள்.

மாணவர் பலர் கட்டங்களை எண்ணி வகுத்துவிடுகின்றனர். ஒரு கட்டம் ஓரச்சில் 2 அடியையும் மற்றையதில் 5 நாளையும் குறிக்குமாயின் அவ்விடை பொருந்தாது. அளவிடையை மாற்றினாற் கோட்டின் தோற்றம் மாறும், படித்திறன் மாறாது. ஆதலின் அச்சுக்களிலுள்ள எண்களையே கொள்க.

இனி, அக்கோட்டை நீட்டினால் 90ஆம் நாள் மட்டம் 14 அடி என வரும். ஆயினும் குளம் வற்ற வற்ற நீர்ப்பரப்புச் சுருங்கும். முன்போன்றே நீர் திறப்பினும் மட்டம் விரைந்து தாழும். கோடு கீழ்நோக்கி வளையும். விதைக்கும் ஏக்கரைத் தீர்மானிப்போர் இதனை மறந்தால், கதிர் பால் பிடிக்குங் காலத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். கமஞ்செய்யும் பழைய மாணவர் இதனை நன்கறிவர். அளந்த புள்ளிகளுக்கிடையே படித்திறன் கண்ட உண்மை. அவற்றுக்கு அப்பால் அது வெறும் மதிப்பீடே. இவ்விரண்டையும் பிரித்தறிபவனே வரைபை வாசிக்கக் கற்றவனாவான்.