ஐப்பசி வருகிறது: லோடு கயிற்றையும் தார்ப்பாயையும் இப்போதே இறக்கிப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். பெரும்பாலான வருடங்களில் அதற்கு முன்னதாகவே ஆயுத பூஜை வந்துவிடுகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்கிற நாள். எப்போதும் ஓட்டத்தில் இருக்கும் வண்டி அன்று ஒரு நாள் நிற்கும். கேபின் மேல் சுருட்டிக் கிடக்கும் தார்ப்பாயையும், சீட்டுக்குப் பின்னால் திணித்து வைத்த கயிறுகளையும் இறக்கி வெயிலில் விரிக்க வருடத்தில் இதைவிடத் தோதான நாள் கிடையாது. பூஜையில் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைக்கிறோம். மழைக்காலம் முழுக்கச் சரக்கைக் காப்பாற்றப்போவது பாயும் கயிறும்தான். அவற்றுக்கும் அந்த மரியாதை சேரட்டும்.

திறந்த பாடி லாரி ஓட்டுகிறவர்கள், ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்கள், அந்த வண்டிகளில் நெல், மஞ்சள், ஜவ்வரிசி, உப்பு, சிமெண்ட் ஏற்றி அனுப்பும் வியாபாரிகள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது.

பாயை எப்படிப் பார்ப்பது

பாயை இருவர் விரித்துத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் அடியில் போய் நின்று வெயிலை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசிக்கண் அளவு ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் அங்கங்கே வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெழுகுத் தார்ப்பாய் பருத்தித் துணி. நனைந்தால் நூல் உப்பி இழைகளின் இடைவெளி அடைபடும். மீதியை மெழுகு பார்த்துக்கொள்ளும். ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் மடிப்பதால் மடிப்புக் கோட்டில் மெழுகு உதிர்ந்திருக்கும். ஒழுகல் அங்கேதான் தொடங்கும். கிழிசலை மெழுகேற்றிய நூலால் தைத்து, தையலின் மேல் மறுபடி மெழுகைத் தேய்த்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பாய்க்கு இந்த வைத்தியம் ஆகாது. ஊசி போடும் ஒவ்வொரு துளையும் புது ஓட்டை. இரண்டு பக்கமும் ஒட்டுப் போடுங்கள், அல்லது சூட்டில் ஒட்டித் தருகிறவரிடம் கொடுங்கள். பாயின் ஓரத்து வளையங்களையும் இழுத்துப் பாருங்கள். நான்கு மூலையில் இருப்பவைதான் முதலில் பிய்த்துக்கொள்ளும்.

கயிற்றை வெளியில் மட்டும் பார்த்தால் போதாது. கையில் பிடித்து முறுக்கை எதிர்ப்பக்கம் திருகி, புரிகளைப் பிரித்து உள்ளே பாருங்கள். உள்ளிருந்து தூள் உதிர்ந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அது கயிறு இல்லை. முடிச்சு விழுந்த இடத்தில் நல்ல கயிறே தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கிறது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டி லோடு கட்டும் பழக்கத்தை இந்த மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள்.

மழையில் ஒவ்வொரு கயிறும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். மணிலா, நார்க் கயிறுகள் நனைந்தால் உப்பி, நீளம் குறைந்து இறுகும், காய்ந்ததும் தளரும். இரவு மழையில் விறைப்பாக நின்ற கட்டு மறுநாள் பத்து மணி வெயிலில் தொளதொளத்துப் போவது இதனால்தான். நைலான் நனைந்தால் பலம் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், இன்னும் கொஞ்சம் நீளும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வழவழப்பான பாலிபுரொப்பிலின் கயிறு தண்ணீரைக் குடிக்காது. ஆனால் முடிச்சு நழுவும், வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் நொறுங்கும். எந்தக் கயிறு என்று தெரிந்து கட்டினால், எப்போது இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கட்டுவது வேறு, மூடுவது வேறு

இந்த ஆலோசனையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சரக்கைப் பிடிக்கும் கயிறு வேறு, பாயைப் பிடிக்கும் கயிறு வேறு. வெயில் காலத்தில் சரக்கின் மேல் கயிறு போட்டு இறுக்கிவிட்டுக் கிளம்புகிறோம். மழை வந்ததும் அவசரத்தில் பாயை விரித்து, அதன் மேல் போடும் கயிற்றையே லோடு கயிறாகவும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் கோளாறு. பாய் வழுக்கும், அதன் மேல் கயிறும் வழுக்கும். பாய்க்குள் காற்று புகுந்து படபடத்தால் கயிறு அறுபடும். பாயைச் சரிசெய்யக் கயிற்றை அவிழ்த்தால் சரக்கும் அவிழ்ந்துவிடும். முதலில் பாயே இல்லாததுபோல் நினைத்து லோடைக் கட்டி முடியுங்கள். பிறகு பாய் போட்டு, அதற்கென்று மெல்லிய கயிறுகளைத் தனியாகக் கட்டுங்கள். கூடுதலாக அரைமணி நேரம் ஆகும். ஏற்றுக்கூலி மூட்டைக் கணக்கில் கொடுக்கப்படுவதால் லோடுமேன்களுக்கு அவசரம் இருப்பது நியாயம்தான். அந்த அரைமணிக்குத் தனிக் கூலி கொடுப்பது வியாபாரியின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டு எவ்வளவு தாங்க வேண்டும்? முழு பிரேக் அடித்தால் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும், வளைவில் 50 சதவீத விசையோடு பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் ஐரோப்பிய நாடுகளின் லோடு கட்டும் நெறிகள் கணக்குப் போடுகின்றன. பத்து டன் ஏற்றினால் எட்டு டன் கேபினை நோக்கி வருகிறது. அதைக் கயிறு மட்டும் தாங்காது. அதனால் கேபினுக்குப் பின்னால் இருக்கும் பலகையோடு இடைவெளி இல்லாமல் முதல் வரிசை ஒட்டி நிற்க வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்னால் ஓரடி இடம் விட்டு அடுக்கிய லோடு அந்த ஓரடிக்கும் வேகம் எடுத்து வந்து மோதும்.

ஏற்றும் முன் தளத்தைக் கூட்டுங்கள். முந்தைய லோடின் மணல், உப்பு, சிந்திய ஜவ்வரிசி, எண்ணெய்க் கறை இவையெல்லாம் ஈரத்தோடு சேர்ந்தால் பலகை வழுக்குப்பாறைதான். தானியம், சிமெண்ட் என்றால் பலகை மேல் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஒரு பழைய பாயைக் கீழ்ப்பாயாக விரியுங்கள். மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும்.

மூட்டைகளை ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். தைத்த வாய் உள்பக்கம் பார்த்திருக்கட்டும். மேலே போகப் போக ஓரத்து மூட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, கடைசி வரிசையை நடுவில் மட்டும் போட்டு மேடாக்குங்கள். இந்த மேடு இரண்டு வேலை செய்கிறது: தண்ணீரை வழிய வைக்கிறது, கயிற்றுக்குச் சரிவும் தருகிறது. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் கயிற்றின் இறுக்கம் முழுவதும் சரக்கை அழுத்தும். அதே கயிறு தளத்தோடு 30 பாகை சாய்வில் படுத்தால் பாதிதான் அழுத்தும். உயரம் குறைந்த லோடில் எவ்வளவு இழுத்தாலும் கட்டு நிற்காததற்குக் காரணம் இதுதான். கனமில்லாத சரக்கைக் கொண்டு நடுவை உயர்த்திவிட்டுக் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

முடிச்சுக்கு வருவோம். கயிற்றின் ஒரு முனையைப் பாடியின் கொக்கியில் நிலையாகக் கட்டி, லோடின் மேல் எறிந்து மறுபக்கம் வாருங்கள். தொங்கும் கயிற்றில் நெஞ்சு உயரத்தில் ஒரு சிறு வளையம் முறுக்குங்கள். வளையத்துக்குக் கீழே தொங்கும் பகுதியை மடித்து அந்த மடிப்பை வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் ஒரு கண்ணி கிடைக்கும். மீதிக் கயிற்றைக் கீழே கொக்கியில் சுற்றி, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் விட்டு, மறுபடி கீழ்நோக்கி இழுங்கள். இழுக்கும் பலம் ஒரு பங்கு என்றால் கணக்குப்படி மூன்று பங்கு இறுக்கம். உராய்வில் ஒரு பகுதி போனாலும் வெறுங்கையால் இழுப்பதைவிட மிக அதிகம். இழுத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கீழே இரண்டு சுருக்குப் போடுங்கள். வழுக்குக் கயிறாக இருந்தால் மூன்று. அவிழ்க்கும்போது கண்ணி ஓர் இழுப்பில் பிரிந்துவிடும், கத்தி தேவைப்படாது. இந்த வித்தையைப் பழைய ஓட்டுநர்கள் கிளீனருக்கு இருட்டிலும் போடும் அளவுக்குப் பழக்கிவிடுவார்கள். இப்போது கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டுவது பெருகிவிட்டதால் சொல்லிக்கொடுக்க ஆள் குறைந்து வருகிறது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு ஸ்டாண்டில் வைத்தே கற்றுக்கொடுங்கள்.

கிரானைட் கல், இரும்புக் காயில், பைப், கம்பிக்குக் கயிறு சரிவராது. அவற்றுக்குச் சங்கிலியும் ஆப்பும் ராட்செட் பெல்ட்டும்தான். கூர்மையான விளிம்பில் பெல்ட் படுகிற இடத்தில் பழைய டயர்த் துண்டை வையுங்கள். வண்டியின் வரம்பைத் தாண்டிக் கம்பி நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். மழை இருட்டில் பின்னால் பைக்கில் வருபவருக்கு அந்தக் கம்பி நுனி தெரியவே தெரியாது.

பாய் போடும்போது

ஒரே பாய் போதாமல் இரண்டு போடுவதானால், பின்பாயை முதலில் விரித்து, முன்பாயின் ஓரம் அதன் மேல் குறைந்தது மூன்றடி ஏறும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று சந்துக்குள் புகுந்து பாயைப் பாய்மரமாக்கிவிடும். மூலைக்கும் இதே விதி. முன்பக்கம் தொங்கும் பாயை முதலில் கீழே இறக்கி, மிஞ்சும் காதைப் பக்கவாட்டில் பின்னோக்கி மடித்து, பக்கத்துப் பாயோடு சேர்த்துக் கட்டுங்கள். மடிப்பின் வாய் எப்போதும் வண்டியின் பின்புறம் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு காதுகளையும் முதலில் உள்ளே மடித்து, அவற்றின் மேல் பின்பாயைத் தொங்கவிடுங்கள்.

பாய் எங்கும் குழியக்கூடாது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அகலமுள்ள குழியில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அது 400 கிலோ. அத்தனையும் லோடின் உச்சியில் அசைந்தாடும் எடை, திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். மேடு வராத லோடானால் நடுவில் நீளவாக்கில் மூங்கிலோ சவுக்குக் கழியோ வைத்து, அதன் நுனிகளில் சாக்கைச் சுற்றிவிட்டு மேலே பாயைப் போடுங்கள்.

டெல்டாவில் குறுவை நெல் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வரும் காலம் இது. கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதற்கு மேல் ஈரம் உள்ள 40 கிலோ சிப்பங்களை இறுக மூடி இரண்டு நாள் நிறுத்தினால், மழை ஒரு சொட்டும் படாமலே உள்ளே வேர்த்து, பாயின் அடிப்பக்கம் நீர்முத்துகள் கோத்து, மேல் வரிசைச் சாக்குகளில் சொட்டும். கை வைத்துப் பார்த்தால் சாக்கு வெதுவெதுப்பாக இருக்கும். சில நாளில் முளை எட்டிப் பார்க்கும். மழை விட்ட நேரங்களில் பின்பக்கத்தையும் காற்று வீசாத பக்கத்தையும் தூக்கிக் கட்டிக் காற்றோட விடுங்கள். உழுதவருடைய ஒரு போகத்து உழைப்பு அந்தப் பாயின் அடியில் இருக்கிறது.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றுகிறவர்கள் இறக்கியதும் கொக்கிகளையும் வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு வண்டியின் கொக்கி துருவில் மெலிந்து, இறுக்கும்போது கையோடு வந்துவிடும்.

வழியில்

கிளம்பிப் பத்து, இருபது கிலோமீட்டரில் முதல் நிறுத்தம். சரக்கு குலுங்கிப் படிந்து கயிறு தளர்ந்திருக்கும். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பெருமழை விட்டதும் ஒரு தடவை, மலைப்பாதை ஏறும் முன் ஒரு தடவை. கயிற்றை உள்ளங்கையால் அடித்துப் பாருங்கள். விறைப்பாக அதிர வேண்டும். ஆடினால் மறுபடி இழுங்கள்.

மழையில் லோடின் மேல் ஆளை ஏற்றாதீர்கள். நனைந்த பிளாஸ்டிக் பாய் மேல் கால் நிற்காது. மேலே நின்று கயிற்றை இழுக்கும்போது அது அறுந்தால் மல்லாந்து தார்ச்சாலையில்தான் விழ வேண்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் அனுப்பப்படுவது வயதில் மிகச் சிறிய பையன். அவனை மேலே அனுப்பும் உரிமை யாருக்கும் இல்லை. இழுப்பதைத் தரையில் நின்று இழுங்கள்; மேலே ஏறியே ஆக வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டி, மழை விடும் வரை பொறுங்கள். மின்கம்பிக்கு அடியில் பாயைப் பிரிக்கவோ கழியைத் தூக்கவோ கூடாது. நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார் லோடுகள் உயரமானவை என்பதால் ஊருக்குள் தாழத் தொங்கும் கம்பிகளைக் கவனியுங்கள்.

2016-இல் வர்தா, 2018-இல் கஜா, 2024-இல் ஃபெஞ்சல் என்று நம் கரையைத் தொட்ட பெரும்புயல்கள் நவம்பர், டிசம்பரில்தான் வந்தன. வானிலை ஆய்வு மையம் பலத்த காற்றோடு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் கடற்கரைச் சாலையில் உயரமான லேசான லோடோடு போகாதீர்கள். கவிழ்வதற்கு முதலில் வாய்ப்புள்ளவை அவைதான். மரத்தடியையும் விளம்பரப் பலகை அடியையும் தவிர்த்து, கட்டடத்தின் காற்று மறைவில் நிறுத்துங்கள். பின்பக்கம் சற்றே தாழ்வான இடமாக இருந்தால் பாயின் மேல் விழும் தண்ணீர் கேபின் பக்கம் சேராமல் பின்னால் வழிந்தோடும்.

லோடு இறக்கியதும் ஈரப்பாயைச் சுருட்டிக் கேபின் மேல் போட்டுவிடாதீர்கள். பருத்திப் பாய் இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாறும், ஒரு மழைக்காலத்துக்குள் இற்றுப் போகும். குடோன் ஓரமோ பெட்ரோல் பங்க் ஓரமோ, வெயில் காட்டும் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் பாடி மேலேயே விரித்துக் காயப்போட்டு, முன்பு மடித்த கோட்டை விட்டு வேறு இடத்தில் மடியுங்கள். கயிற்றைச் சுருளாகச் சுற்றி, காற்று படும்படி கொக்கியில் தொங்கவிடுங்கள். தானியம் ஏற்றிய பாயை உதறாமல் வைத்தால் எலி வரும். அது போட்ட ஓட்டை அடுத்த மழையில்தான் தெரியவரும்.