அனுப்புமுன் சோதித்தறியுங்கள்!



கொரோனா நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. சபைக் கதவும் பூட்டப்பட்டது. கைபேசி மாத்திரம் இரவும் பகலும் ஓயவில்லை. பூண்டு தின்றால் கொரோனா வராது, வெந்நீர் குடித்தால் கிருமி செத்துப்போகும் என்று வாட்ஸ்அப்பில் எத்தனை செய்திகள்! அவற்றை நாம் என்ன செய்தோம்? முழுவதும் படித்தோமோ இல்லையோ, அடுத்தவருக்குத் தள்ளிவிட்டோம்.

அதில் நானும் ஒருவன். "பத்து விநாடி மூச்சை அடக்குங்கள், இருமல் வராவிட்டால் உங்களுக்குக் கொரோனா இல்லை" என்று ஒரு செய்தி வந்தது. நல்ல காரியம்தானே என்று எங்கள் ஜெபக்குழு முழுவதற்கும் அனுப்பினேன். ஜூன் மாதம் எங்கள் மூப்பர் ஒருவருக்குக் காய்ச்சல். தினமும் காலையில் மூச்சை அடக்கிப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நாலு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல். மகன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கர்த்தருடைய கிருபையால் பிழைத்து வந்தார். நான் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "தம்பி, நீங்க அனுப்பினதாச்சே, தப்பா இருக்காதுன்னு நம்பிட்டேன்."

கவனியுங்கள்! அவர் நம்பியது செய்தியை அல்ல, என்னை. மூச்சை அடக்க முடிகிறவருக்கும் கொரோனா இருக்கலாம். முடியாதவருக்கு ஆஸ்துமா இருக்கலாம். பரிசோதனை செய்தால்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் இதை 2020லேயே விளக்கிச் சொல்லியிருந்தது. நான்தான் விசாரிக்கவில்லை.

தவறான செய்தி என்ன செய்யும்?

1. உயிரை எடுக்கும். 2020ல் ஈரான் நாட்டில், சாராயம் குடித்தால் கொரோனா அண்டாது என்ற வதந்தி பரவியது. அதை நம்பி மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்த நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பலர் கண்பார்வையை இழந்தார்கள்.

2. இரக்கத்தைக் கொல்லும். 2020 ஏப்ரல் மாதம் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவர் கொரோனாவால் மரித்தார். பிணத்தைப் புதைத்தால் கிருமி பரவும் என்ற பயம் ஜனங்களைப் பிடித்திருந்தது. ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. உடன் வேலை செய்த டாக்டர் ஒருவர் ராத்திரியில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் பண்ணினார். முறைப்படி அடக்கம் செய்த சரீரத்திலிருந்து கொரோனா பரவியதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

3. மெய்யையே பொய்யாக்கும். இதுதான் மிகவும் தந்திரமானது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ந் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டார். இது மெய். 17ந் தேதி அதிகாலையில் மாரடைப்பால் மரித்தார். இதுவும் மெய். "ஆகவே ஊசிதான் கொன்றது" என்று ஜனங்கள் முடிச்சுப் போட்டார்கள். அவருடைய இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அறிவித்தது. அது வெளியானது 2021 அக்டோபரில்! அதற்குள் பயந்து ஊசி போடாமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! ஒன்றன்பின் ஒன்று நடந்தால், முந்தினது பிந்தினதற்குக் காரணம் என்று ஆகிவிடாது.

எப்படிச் சோதிப்பது?

செய்தி வந்தவுடன் நான்கு கேள்வி கேளுங்கள்.

முதலாவது, இதைச் சொன்னது யார்? "ஒரு பெரிய டாக்டர்" என்றால் போதாது. பேர் என்ன, எந்த இடம்?

இரண்டாவது, தேதி உண்டா? போன வருஷத்துச் செய்தி இன்றைக்குப் புதிதுபோல வரும்.

மூன்றாவது, சுகாதாரத் துறையோ, உலக சுகாதார நிறுவனமோ இதைச் சொல்லியிருக்கிறதா? தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள்.

நான்காவது, "உடனே பத்துப் பேருக்கு அனுப்பு" என்று அவசரப்படுத்துகிறதா? அப்படியானால் நிதானியுங்கள். பல கை மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மாத்திரமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் அந்த நிறுவனமே கட்டுப்பாடு வைத்தது. கம்பெனிக்காரனுக்கு இருக்கிற ஜாக்கிரதை நமக்கு இருக்க வேண்டாமா?

தவறிவிட்டால்?

யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கெல்லாம் "நான் அனுப்பினது தவறு" என்று எழுதுங்கள். நானும் அப்படியே எழுதினேன். வெட்கமாய்த்தான் இருந்தது. ஆனால் அன்று முதல் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது: வைத்தியச் செய்தி எது வந்தாலும் யாராவது ஒருவர், "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்கிறார்கள்.

பொய்ச்சாட்சி என்பது கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சொல்வது மாத்திரமல்ல. விசாரிக்காமல் விரலால் தள்ளிவிடுவதும் அதுதான். இன்னொரு தொற்றுநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பேரைப் பார்த்து நம்புகிற வயதான தாய் ஒருத்தி அந்தக் குழுவில் இருக்கிறாள். அவளை நினைத்துக்கொண்டு, அனுப்புமுன் சற்று நிறுத்துங்கள்.