எந்தக் கண்ணி அறுந்தது?

எட்டாம் வகுப்பு மாணவர்களின் என்.எம்.எம்.எஸ். தேர்வு விண்ணப்பங்களை இணையத்தில் பதிவேற்றும் பொறுப்பு என்னுடையது. இத்தேர்வில் தெரிவாகும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். சேகோ ஆலைக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அது சிறிய தொகை அல்ல. மறுநாள் கடைசி நாள். பதினொரு விண்ணப்பங்கள் மீதமிருந்தன. பள்ளியில் மின்தடை என்பதால், ராசிபுரம் அருகே உள்ள என் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை இணையவில்லை.

மடிக்கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அதன் பின்புறத் துளையில் குத்த ஊசியைக்கூட எடுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, உங்க செல்லுல வருதா?"

செல்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் பார்த்தேன். வந்தது! அப்படியானால் ரவுட்டரும் வெளியிலிருந்து வரும் இணைப்பும் சரி. குறை மடிக்கணினிப் பக்கம். "கணக்கை முழுதாக அழிக்காதே, எந்த வரியில் தவறினாய் என்று பார்" என வகுப்பில் தினமும் சொல்லும் கணித ஆசிரியர் நான். வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

இணைய இணைப்பு என்பது சங்கிலி. கணினி ரவுட்டரின் அலையைப் பிடிக்க வேண்டும். கடவுச்சொல் பொருந்த வேண்டும். ரவுட்டர் கணினிக்கு ஒரு முகவரி எண் தர வேண்டும். ரவுட்டரிலிருந்து வெளி இணைப்பு செல்ல வேண்டும். அறுந்த கண்ணியை இப்படிக் கண்டறியலாம்:

1. செல்பேசியிலும் வரவில்லையா? ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பியில் ஒளி வரவில்லை. நாம் செய்ய ஒன்றுமில்லை. இணைப்பு தந்தவர்களை அழைக்க வேண்டியதுதான்.

2. கணினியில் எந்த வைஃபை பெயருமே தெரியவில்லையா? விமானப் பயன்முறை இயங்குகிறதா, வைஃபை அணைந்துள்ளதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெயர் தெரிந்து நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லையா? பழைய மடிக்கணினிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். ரவுட்டரில் அந்த அலை இயங்குகிறதா எனப் பாருங்கள்.

3. பெயர் தெரிந்தும் இணையவில்லையா? சேமித்த கடவுச்சொல் பழையதாக இருக்கலாம். அந்தப் பெயரை அழுத்தி 'ஃபர்கெட்' கொடுத்து, புதிதாக இணையுங்கள்.

4. இணைந்தும் தளம் திறக்கவில்லையா? கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என ஆங்கிலத்தில் தட்டுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண் தரவில்லை. இரண்டையும் அணைத்து, ரவுட்டரை முதலில் போடுங்கள். முகவரி சரியெனில் கணினியின் தேதியைப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும்.

என் குறை மூன்றாவது. முந்தைய வாரம் இடி விழுந்து ரவுட்டர் பழுதாகி, புதியது வைத்திருந்தோம். பெயர் அதே; கடவுச்சொல் புதிது. செல்பேசியில் மகள் மாற்றிவிட்டாள். மடிக்கணினி பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை. இரவு பத்தரைக்குள் பதினொன்றும் ஏறின.

ஓர் எச்சரிக்கை: ரவுட்டரின் துளையில் ஊசியால் குத்தாதீர்கள். எல்லா அமைப்புகளும் அழிந்து, வருகிற இணைப்பும் போய்விடும். அவசரமென்றால் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் வேலையை முடித்துவிட்டு, பிறகு குறையைத் தேடுங்கள்.

மறுநாள் இதையே வகுப்பில் விளையாட்டாக்கினேன். நான்கு மாணவர்கள் வரிசையாக நின்றார்கள்: கணினி, கடவுச்சொல், ரவுட்டர், வெளி இணைப்பு. ஒருவர் காதில் மட்டும் "நீ பழுது" என்றேன். மற்றவர்கள் ஆம், இல்லை என்ற விடை வரும் கேள்விகளால் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மூன்றாம் ஆட்டத்தில் ஒரு மாணவி, "முதல் ரெண்டு பேர்ல இருக்கா?" என்றாள். இரண்டே கேள்விகளில் விடை கிடைத்தது.

சங்கிலியைப் பாதியாகப் பிரித்துத் தேடும் அந்தப் பழக்கம், கணக்கிலும் அறிவியலிலும் அவர்களுக்குக் கைகொடுக்கும். உங்கள் வகுப்பிலும் ஆடிப் பாருங்கள்.