பானைக்குள் யார் பெயர்?

இந்த மாதப் பாடம் அதிர்ஷ்டம் பற்றியது.

நாம தினமும் சொல்ற மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். நண்பனுக்கு எஸ்பிஎம்மில் நல்ல தேர்ச்சி வந்தால், "லக்குப்பா அவனுக்கு". நமக்கு வேலை கிடைக்கவில்லை என்றால், "என் தலையெழுத்து". பக்கத்து வீட்டுக்காரர் நொடித்துப்போனால், "அவங்க கர்மா". முதல் வாக்கியம் நண்பனின் உழைப்பை மறைக்கிறது. இரண்டாவது, நாம் இன்னும் செய்ய வேண்டியதை மறைக்கிறது. மூன்றாவது, நாம் கொடுக்க வேண்டிய உதவியை மறைக்கிறது.

கிள்ளானில் நான் எடுக்கும் ஞாயிறு வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, எல்லாமே லக்குதான்னா, நியாயம்னு ஒன்னு எதுக்கு?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேட ஆயிரம் வருஷம் பின்னால் போவோம்.

உத்திரமேரூர் பானை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர் என்ற ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை நடத்தும் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அவை சொல்கின்றன. அதுதான் குடவோலை.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! பிறகு எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பார்கள்.

கவனியுங்கள். யார் பெயர் வரும் என்பது அதிர்ஷ்டம். அதைச் சுற்றி இருந்த விதிகள் மனிதர்கள் போட்டவை. கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை, மற்றவருக்கு வாய்ப்பு வரட்டும் என்று. பணமும் செல்வாக்கும் குறுக்கே வராதபடி, நியாயத்துக்காகவே அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் இருந்தவர்களின் பெயரே அந்தக் குடத்தில் விழுந்தது. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் ஓலையே கிடையாது. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், பெயரே உள்ளே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

தோட்டத்தில் பிறந்தவர்கள்

இதே கேள்வி நம்ம நாட்டிலும் எழுந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் தோட்டத்தில், வீடும் தோட்டத்தில். தோட்டம் கைமாறினால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். யார் தோட்டம் விற்கப்படும், யாருடையது தப்பும் என்பது அவர்கள் கையில் இல்லை.

துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர். அவருடைய தந்தை ரப்பர் தோட்ட உரிமையாளர். பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறக்காமல் அந்த வீட்டில் பிறந்தது அவர் உழைத்துப் பெற்றதில்லை. ஆனால் அந்த நல்வாய்ப்பை வைத்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாக முன்னின்றார். தொழிலாளிகளிடம் சிறு தொகைகளைப் பங்குப் பணமாகத் திரட்டி, சங்கம் தோட்டங்களை வாங்கியது. கூலிக்காரர் பங்குதாரர் ஆனார். பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்கு அவர் பெயர்தான். அடுத்த முறை அங்கே நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்பர் கடைக் கணக்கு

அதே கூலியிலிருந்து இன்னொரு பக்கமும் காசு போகிறது. நாலு நம்பர் ஆட்டத்தில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். கனவில் பாம்பு வந்தாலும் சரி, விபத்தில் சிக்கிய காரின் நம்பரைக் குறித்துக்கொண்டாலும் சரி, முதல் பரிசுக்கான வாய்ப்பு 10,000இல் ஒன்றுதான். போன வாரம் விழாததால் இந்த வாரம் விழும் என்றும் இல்லை. கூட்டுறவில் போட்ட வெள்ளி அதிர்ஷ்டத்தின் பிடியைத் தளர்த்தியது. நம்பர் கடையில் போடும் வெள்ளி அந்தப் பிடிக்குள் நம்மையே கொண்டுபோய்க் கொடுக்கிறது.

ஊழும் முயற்சியும்

அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்குக் "கண்ணுக்குத் தெரியாதது" என்று பொருள். வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழைப் பாடினார். 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை, அதாவது விடாமுயற்சியைப் பாடினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வினைப்பயன் என்ற எண்ணம் என் துன்பத்தைத் தாங்க எனக்குத் துணையாகலாம். அடுத்தவர் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுத அதை எடுத்தால் அது தர்மமில்லை.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அதிர்ஷ்டம் இருக்கும்மா. யார் ஓலை வரும்னு நாம முடிவு செய்ய முடியாது. யார் யார் ஓலை உள்ளே போகணும்னு முடிவு செய்யலாம். நியாயம் அங்கேதான் இருக்கு."

கலந்துரையாட

1. உங்கள் வெற்றியில் நீங்கள் உழைத்துப் பெறாதது எது? பெற்றோரா, ஆசிரியரா, பிறந்த ஊரா?

2. உங்கள் இளைஞர் மன்றத்தில் பொறுப்புகளுக்கு யார் பெயர் எப்போதும் வருகிறது? யார் பெயர் வருவதே இல்லை?

3. உங்கள் தாமானில் யூபியூ அல்லது பிடிபிடிஎன் விண்ணப்பம் செய்யத் தெரியாமல் தேதியைத் தவறவிடும் மாணவர் யார்? இந்த மாதம் ஒருவருக்காவது கூட உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள்.